நீர்மூழ்கிக் கப்பலும் கைத்திறனும்

மும்பை மாநகரின் செம்பூரில் ஹார்பர் ரயில் ஏறித் தெற்கே செல்வோர், குர்லா, வடாலா, சிவ்ரி, ரே ரோடு ஆகிய நிலையங்களைக் கடந்ததும் டாக்யார்டு ரோடு என்னும் நிலையத்தை அடைவர். இந்நிலையத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி அமைந்திருப்பது மஜகான் கப்பல் கட்டும் தளம். 1774-ம் ஆண்டில் ஒரு சிறிய உலர்துறையாகத் தோன்றிய இத்தளம், 1934-ம் ஆண்டில் கம்பெனியாகப் பதிவு பெற்றது. 1960-ம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தின் உடைமையாயிற்று. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் மக்களுக்கு இத்தளத்தின் பெயர் புதிதன்று. ஆனால் அதன் மதில்களுக்குள் நடைபெறும் ஒரு வேலையைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பது குறைவு. நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் வேலையே அது.

கப்பல் கட்டும் நாடுகள் உலகில் பல. நீர்மூழ்கி கட்டும் நாடுகள் சில. அணுசக்தியால் அன்றி, டீசல் யந்திரத்தாலும் பாட்டரியாலும் இயங்கும் சாதாரண வகை நீர்மூழ்கியைத் தாமே வரைந்து, தாமே கட்டவல்ல நாடுகள் இன்னும் சிலவே. ஆகையால், இக்கலையைப் புதிதாகக் கற்க விரும்பும் நாடு அதில் தேர்ந்த வேறொரு நாட்டின் துணையை நாடுவது இயல்பு. அத்துணைவரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? விலை குறைத்துச் சொல்பவரையா, சிறந்த கப்பல் வைத்திருப்பவரையா, மனமுவந்து கற்றுக் கொடுப்பவரையா? இந்த வினா மும்பைத் தளத்தின் முன் மூன்று முறை எழுந்திருக்கிறது. 1981-ம் ஆண்டில் ஒருமுறை, 2005-ம் ஆண்டில் மறுமுறை, 2021-ம் ஆண்டில் மூன்றாம் முறை. இம்மூன்று முறையும் நாம் கற்றதென்ன, கற்றதில் கைவிட்டதென்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடமும் தையலும்

நீர்மூழ்கி கட்டுவது ஏன் அத்துணைக் கடினம் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இதற்குத் தாராவியே நல்ல பாடசாலை. அங்குள்ள கும்பார்வாடாவில் குயவர் சக்கரத்தில் குடம் வனைவதை நேயர்கள் கண்டிருக்கலாம். குடத்தின் வலிமை அதன் வட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் சீராக வரும் அழுத்தத்தை வட்ட வடிவம் நன்கு தாங்கும். வட்டம் சற்றே பிறழ்ந்தாலும் அழுத்தம் அவ்விடத்தையே தேடிச் சென்று நெரிக்கும். அதே தாராவியில், தமிழகத்திலிருந்து வந்தோர் பலர் முன்னாளில் ஈடுபட்டிருந்த தோல் தொழிலைச் சேர்ந்த ஒருவரைக் கேட்டால், "பை அறுந்தால் தோலில் அறாது; தையலில்தான் அறும்" என்பார். நீர்மூழ்கியின் இரகசியம் இவ்விரண்டில் அடங்கியிருக்கிறது: பிறழாத வட்டம், அறாத தையல்.

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு காற்று மண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. முந்நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது, அதாவது ஆசிரியரின் மேசையளவே உள்ள ஓர் இடத்தின் மீது, சுமார் 300 டன் பளு அழுத்தும். இதைத் தாங்குவது நீர்மூழ்கியின் உள்ளே அமைந்த உருளை வடிவமான எஃகு ஓடு. உயர்தர எஃகுத் தகடுகளை வளைத்து, உட்புறம் வளையங்கள் வைத்து, பல உருளைத் துண்டுகளாக்கி, பின்னர் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கின்றனர். வட்டத்தின் பிறழ்ச்சி சில மில்லிமீட்டருக்கு மேல் செல்லலாகாது.

துண்டுகளை இணைப்பது, பட்டறைகளில் வெல்டிங் என்று வழங்கும் பற்றவைப்பு. சாதாரண இரும்பைப் பற்றவைப்பது போன்றதன்று இது. தகட்டை முன்னதாகவே குறித்த அளவுக்குச் சூடேற்ற வேண்டும். ஈரப்பசை சிறிதும் சேரலாகாது. சேர்ந்தால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் சென்ற பின்னரும் மயிரிழை போன்ற வெடிப்பை உண்டாக்கும். எனவே இணைப்புகளை எக்ஸ் கதிராலும் ஒலியலையாலும் சோதிக்கின்றனர். குறை தென்பட்டால் வெட்டியெடுத்து மீண்டும் பற்றவைக்க வேண்டும். இவ்வேலைக்குத் தகுதிச் சான்று பெற்ற தொழிலாளி சில மாதங்கள் அதைச் செய்யாதிருந்தால் மறுபடியும் தேர்வு பெற வேண்டும் என்பது பொறியியல் உலகின் வழக்கம். ஏனெனில் இத்திறன் ஏட்டில் தங்குவதன்று, கையில் தங்குவது. கை ஓய்ந்தால் திறனும் தேய்ந்துவிடும்.

ஒரு நீர்மூழ்கியினுள் மனிதர்கள் தங்கள் உயிரைக் கப்பல் கட்டியவரின் கையில் ஒப்புவித்தே செல்கின்றனர். 2013-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ம் தேதி மும்பைத் துறைமுகத்தில் சிந்துரக்ஷக் என்னும் நீர்மூழ்கி வெடித்து மூழ்கியபோது 18 கடற்படையினர் உயிரிழந்தனர். நீர்மூழ்கியில் நேரும் விபத்து எத்துணைக் கொடியது என்பதை இந்நகரம் நேரில் கண்டது.

ஓட்டக் கற்றதும் கட்டக் கற்றதும்

நம் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான கல்வாரி, 1967-ம் ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி சோவியத் நாட்டின் ரிகா துறைமுகத்தில் பணியில் சேர்ந்தது. அந்நாளே இன்றும் நீர்மூழ்கி தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1974-ம் ஆண்டுக்குள் அவ்வகையில் எட்டுக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. நம் மாலுமிகள் அவற்றைத் திறம்பட ஓட்டக் கற்றனர். ஆனால் அவை கட்டி முடித்து வந்த கப்பல்கள். ஓட்டக் கற்றோமே தவிர, அவற்றால் கட்டக் கற்கவில்லை.

அதே காலத்தில் மஜகான் தளத்தில் வேறொரு பாடம் நடைபெற்றது. பிரிட்டிஷ் நிறுவனங்களின் துணையுடன் ஃபிரிகேட் என்னும் போர்க்கப்பல் வகையைக் கட்டும் வேலை அது. முதற் கப்பலான நீலகிரி 1972-ம் ஆண்டு ஜூன் மாதம் கடற்படையில் சேர்ந்தது. அதன் பின் ஐந்து கப்பல்கள் இடைவிடாது தொடர்ந்தன. ஒவ்வொன்றிலும் இந்திய உறுப்புகளின் பங்கு கூடிற்று. கடைசி இரண்டில் நம் கடற்படையினரே வரைபடத்தைக் கணிசமாக மாற்றியமைத்தனர். பின்னர் 1983-ம் ஆண்டில், நம் நாட்டிலேயே வரையப்பட்ட கோதாவரி என்னும் ஃபிரிகேட் அதே தளத்திலிருந்து வெளிவந்தது. துணைவரிடம் கற்று, ஆறு முறை செய்து பழகி, ஏழாவதைத் தானே படைத்த வரலாறு இது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு நீர்மூழ்கியின் வரலாற்றைப் பார்ப்போம்.

கீல் நகரின் பாடம்

1981-ம் ஆண்டு டிசம்பர் 11-ம் தேதி மேற்கு ஜெர்மனியின் கீல் நகரிலுள்ள எச்.டி.டபிள்யூ. நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி நான்கு நீர்மூழ்கிகளில் இரண்டு கீல் நகரிலும், இரண்டு மும்பையிலும் கட்டப்பட வேண்டும். மேலும் இரண்டைக் கட்டிக்கொள்ளவும் ஒப்பந்தத்தில் இடமிருந்தது. மஜகான் தளத்தின் பொறியாளரும் தொழிலாளரும் ஜெர்மனி சென்று பயின்றனர். கீல் நகரில் கட்டிய சிசுமார், சங்குஷ் ஆகிய இரண்டும் 1986-ம் ஆண்டில் பணியில் சேர்ந்தன.

மும்பையில் கட்டிய முதல் நீர்மூழ்கியான ஷல்கியின் வேலை 1984-ம் ஆண்டில் தொடங்கி, 1992-ம் ஆண்டு பிப்ரவரியில் அது கடற்படையில் சேர்ந்தது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். இரண்டாவதான சங்குல் 1989-ம் ஆண்டில் தொடங்கி 1994-ம் ஆண்டு மே மாதம் பணியில் சேர்ந்தது. ஐந்து ஆண்டுக்கும் குறைவு. முதற் கப்பலில் தடுமாறிய கை இரண்டாவதில் தேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அந்தோ, மூன்றாவது கப்பல் வரவில்லை. 1987-ம் ஆண்டில் இவ்வொப்பந்தத்தில் தரகுப் பணம் கைமாறியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அந்தச் சர்ச்சையின் நிழலில், கூடுதலாகக் கட்டவிருந்த இரண்டு கப்பல்கள் கைவிடப்பட்டன. குற்றம் நிகழ்ந்திருந்தால் அதனை விசாரித்துத் தண்டிப்பது நீதியின் கடமை. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் விசாரணைக்கு உரியவர் ஒரு பக்கம் இருக்க, வேலையை இழந்தது பட்டறை. எஃகு ஓட்டை வளைத்தவரும் பற்றவைத்தவரும் வேறு வேலைகளுக்குச் சென்றனர். காலப்போக்கில் பலர் ஓய்வும் பெற்றனர். ஷல்கியும் சங்குலும் கட்டிய தளம், அதற்குப் பின் தான் கட்டிய ஒரு நீர்மூழ்கியைக் கடற்படைக்குத் தருவதற்கு 23 ஆண்டுகள் ஆயின.

பின்னால் வந்த மாணவன்

கீல் நகரின் பாடசாலைக்கு நமக்குப் பின்னால் ஒரு மாணவன் வந்தான். தென் கொரியா 1987-ம் ஆண்டில், நமக்கு ஆறு ஆண்டுகள் கழித்து, அதே நிறுவனத்திடம் அதே குடும்பத்தைச் சேர்ந்த நீர்மூழ்கியைக் கட்டக் கற்க ஒப்பந்தம் செய்துகொண்டது. முதற் கப்பல் கீல் நகரில் கட்டப்பட்டது. எஞ்சிய எட்டும் கொரியாவின் டேவூ தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டன. இந்த ஒன்பது முடியும் தறுவாயில், அதே ஜெர்மானியத் துணையுடன் அடுத்த வகையில் ஒன்பது கப்பல்கள் தொடங்கின. 2011-ம் ஆண்டில் இந்தோனேசியா தனக்கு மூன்று நீர்மூழ்கிகள் கட்டித்தரும்படி டேவூவை நாடிற்று. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கொரியர் தாமே வரைந்து தாமே கட்டிய 3,000 டன் வகை நீர்மூழ்கியின் முதற் கப்பல் அவர்கள் கடற்படையில் சேர்ந்தது.

இதில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2021-ம் ஆண்டில் இந்தியா தன் அடுத்த நீர்மூழ்கிகளுக்காகத் துணைவரைத் தேடியபோது, கருத்தில் கொண்ட ஐந்து அயல்நாட்டு நிறுவனங்களுள் டேவூவும் ஒன்று. நமக்குப் பின்னால் பள்ளியில் சேர்ந்த மாணவனை, நமக்கு ஆசிரியராக வரும்படி அழைக்கும் நிலை ஏற்பட்டது. கொரியருக்கு வாய்த்த ஆசிரியர் நமக்கு வாய்த்தவரே. தொழிலாளரின் அறிவிலும் வேற்றுமை இல்லை. வேற்றுமை ஒன்றே: அவர்கள் பட்டறையில் விளக்கு அணையவில்லை.

பிரெஞ்சுத் துணை

1999-ம் ஆண்டில் நம் அரசாங்கம் முப்பது ஆண்டுத் திட்டம் ஒன்றை ஏற்றது. 2030-ம் ஆண்டுக்குள் 24 நீர்மூழ்கிகளைக் கட்டுவது அதன் இலக்கு. முதலில் அயல்நாட்டுத் துணையுடன் இரண்டு வரிசைகள். அவற்றில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, பின்னர் நாமே வரைந்து கட்டும் கப்பல்கள். திட்டம் நன்கு சிந்தித்து வகுக்கப்பட்டதே.

முதல் வரிசைக்குப் பிரெஞ்சு நாட்டின் ஸ்கார்பீன் வகை தேர்ந்தெடுக்கப்பட்டு, 2005-ம் ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தமாயிற்று. ஆறு கப்பல்களும் மஜகான் தளத்திலேயே கட்டப்பட வேண்டும். அப்போது மதிப்பிட்ட செலவு 18,798 கோடி ரூபாய். 2010-ம் ஆண்டில் அது 23,562 கோடியாகத் திருத்தப்பட்டது. முதற் கப்பல் 2012-ம் ஆண்டு டிசம்பரில் வர வேண்டியது. 2017-ம் ஆண்டு டிசம்பர் 14-ம் தேதியே பணியில் சேர்ந்தது. புதிய நுணுக்கங்களைக் கைக்கொள்வதில் தொடக்கத்தில் நேர்ந்த சிரமம், தளத்தின் வசதிகளைப் பெருக்குவதில் தாமதம், உறுப்புகளை வாங்குவதில் தாமதம் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. ஒருமுறை கற்று மறந்த பாடத்தை மீண்டும் முதல் எழுத்திலிருந்து கற்க நேர்ந்தது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

முதற் கப்பலுக்கு, சோவியத் நாட்டிலிருந்து வந்த முதல் நீர்மூழ்கியின் நினைவாகக் கல்வாரி என்றே பெயரிட்டனர். அதன் நீளம் 67.5 மீட்டர். அதனுள்ளே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுள்ள மின்கம்பிகளும், 11 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்களும் செல்கின்றன. பாட்டரியில் உள்ள 360 கலங்களில் ஒவ்வொன்றும் சுமார் 750 கிலோகிராம் எடையுள்ளது. கல்வாரியைத் தொடர்ந்து காந்தேரி 2019-ம் ஆண்டிலும், கரஞ்சும் வேலாவும் 2021-ம் ஆண்டிலும், வாகீர் 2023-ம் ஆண்டிலும், ஆறாவதான வாக்ஷீர் 2025-ம் ஆண்டு ஜனவரியிலும் பணியில் சேர்ந்தன. முதற் கப்பலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த நாடு, அடுத்த ஐந்தையும் ஏழே ஆண்டுகளில் பெற்றது. கை மீண்டும் பழகிவிட்டது.

இவ்வொப்பந்தம் வேறு இரு படிப்பினைகளையும் தந்தது. கப்பலுக்கென இத்தாலிய நிறுவனம் ஒன்றிடம் வாங்கவிருந்த டார்பிடோக்கள், முற்றிலும் வேறான ஒரு பேரத்தில் எழுந்த ஊழல் குற்றச்சாட்டின் விளைவாகக் கைவிடப்பட்டன. ஆகவே புதிய கப்பல் பழைய வகை டார்பிடோவுடன் பணிக்குச் சென்றது. 2016-ம் ஆண்டில், இக்கப்பலைப் பற்றிய 22,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணங்கள் கசிந்துவிட்டதாக ஆஸ்திரேலியச் செய்தித்தாள் ஒன்று வெளியிட்டது. கப்பலோடு ஆயுதத்தையும், ஆயுதத்தோடு இரகசியக் காப்பையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும் என்பது இவற்றால் விளங்கும்.

நீருக்கடியில் மூச்சு

மூன்றாவது தேர்வைப் புரிந்துகொள்ள, ஒரு விஞ்ஞானச் செய்தி தேவை. டீசல் யந்திரம் காற்றின்றி எரியாது. நீருக்கடியில் செல்கையில் நீர்மூழ்கி பாட்டரியைக் கொண்டே ஓடுகிறது. பாட்டரி தளர்ந்தால், நீர்மட்டத்துக்கு அருகில் வந்து, ஒரு மூச்சுக்குழலை மேலே நீட்டிக் காற்றை உறிஞ்சி, டீசலை இயக்கிப் பாட்டரிக்கு மின்னேற்றம் செய்ய வேண்டும். பகைவர் அதனைக் கண்டுகொள்ளும் நேரம் அதுவே. இந்தத் தொல்லையைக் குறைப்பதற்கென வந்தது காற்றை நாடாத உந்துமுறை.

இதில் ஒரு வகை எரிபொருள் மின்கலம். நீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் பிரிக்கும் சோதனையை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டுகின்றனர். எரிபொருள் மின்கலம் இதனைத் திருப்பிச் செய்கிறது: ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்து நீராகும்போது மின்சாரம் பிறக்கிறது. சுழலும் பாகங்கள் இல்லாமையால் ஓசை மிகக் குறைவு. 2013-ம் ஆண்டில் இம்முறை கொண்ட ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று 18 நாட்கள் மேலே வராமல் நீருக்கடியிலேயே சென்றது.

2021-ம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசாங்கம் ஆறு நீர்மூழ்கிகளுக்கு டெண்டர் கோரியபோது, இத்தகைய உந்துமுறையை இன்றியமையாத் தேவையாக வைத்தது. அது கடலில் மெய்ப்பிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்றது. அப்போது மதிப்பிட்ட செலவு சுமார் 43,000 கோடி ரூபாய். முதற் கப்பலில் 45 சதவீதமும் ஆறாவதில் 60 சதவீதமும் உள்நாட்டுப் பங்கு இருத்தல் வேண்டும். இந்தியாவின் சார்பில் மஜகான் தளமும் லார்சன் டூப்ரோ நிறுவனமும் அழைக்கப்பட்டன. இவ்விரண்டும் ஐந்து அயல்நாட்டு நிறுவனங்களில் ஒன்றைத் தமக்குத் துணையாக்கிக்கொள்ள வேண்டும்.

நிபந்தனை கடுமையானது. பிரெஞ்சு நிறுவனம் 2022-ம் ஆண்டில் தன்னால் அதை நிறைவேற்ற இயலாதென விலகிற்று. 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் இரண்டே மனுக்கள் வந்தன: ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ். நிறுவனத்துடன் மஜகான் தளம். ஸ்பெயினின் நவாந்தியா நிறுவனத்துடன் லார்சன் டூப்ரோ. 2024-ம் ஆண்டில் நம் கடற்படையினர் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் சென்று உந்துமுறையை நேரில் சோதித்தனர். 2025-ம் ஆண்டு ஜனவரியில், நிபந்தனைகளுக்குப் பொருந்தவில்லை என்று இரண்டாவது மனு ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மஜகான் தளத்துடன் விலைப் பேச்சு தொடங்கியது. டி.கே.எம்.எஸ். என்பது, எச்.டி.டபிள்யூ.வைத் தன்னுள் கொண்ட நிறுவனம். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மும்பை மீண்டும் கீல் நகரின் அதே கதவைத் தட்டிற்று.

துணைவரிடம் கேட்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து, துணைவரைத் தேர்வோர் கேட்க வேண்டிய வினாக்கள் தாமே புலப்படுகின்றன.

முதலாவது, காட்டும் பொருள் கடலில் ஓடுகிறதா, தாளில் ஓடுகிறதா என்பது. ஸ்பெயின் தன் எஸ்-80 வகை நீர்மூழ்கியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அதன் எடை கணக்குக்கு மேல் பல டன் மிகுந்துவிட்டது 2013-ம் ஆண்டில் தெரியவந்தது. மிதப்பதற்குப் போதிய நீரை இடம்பெயர்க்க வேண்டுமே! ஆர்க்கிமிடீஸ் வகுத்த விதிக்கு எவரும் விலக்கல்லர். கப்பலை நீட்டி வரைந்து, அக்குறையைத் தீர்த்து, 2023-ம் ஆண்டு நவம்பரில்தான் அதனைப் பணியில் சேர்த்தனர். அவர்களும் முயன்று வென்றவரே. ஆயினும் மெய்ப்பிக்கப்படாத வரைபடத்தை ஏற்பவர் அதன் காலதாமதத்தையும் ஏற்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, வரைபடத்தை மட்டும் தருவாரா, அதன் காரணத்தையும் தருவாரா என்பது. தகட்டின் தடிமன் இவ்வளவு என்று சொல்வது ஒன்று. ஏன் அவ்வளவு என்று சொல்வது வேறு. முன்னதைப் பெற்றவர் அதே கப்பலை மீண்டும் கட்டலாம். பின்னதைப் பெற்றவரே புதிய கப்பலை வரையலாம்.

மூன்றாவது, கப்பலின் வாழ்நாளாகிய முப்பது ஆண்டுகளுக்கு உதிரி உறுப்பும் பழுதுபார்க்கும் அறிவும் எங்கிருந்து வரும் என்பது. நான்காவது, ஆயுதமும் இரகசியக் காப்பும். ஐந்தாவது, பேரம் தூய்மையாக நடைபெறுவது. பேரத்தில் படியும் கறை, குற்றவாளியை விட்டுவிட்டுப் பட்டறையைத் தண்டிக்கிறது என்பதை 1987-ம் ஆண்டு நமக்குக் காட்டிற்று.

இவ்வைந்தும் துணைவரிடம் கேட்பவை. ஆறாவதாக ஒன்று உண்டு. அதை நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்ட கைகளுக்கு அடுத்த வேலை எங்கே? 24 கப்பல்களை இலக்காகக் கொண்ட 1999-ம் ஆண்டுத் திட்டத்தில், 2025-ம் ஆண்டு வரை பணிக்கு வந்தவை ஆறு. வாக்ஷீர் தளத்தை விட்டு நீங்கிய நாளிலிருந்து, மும்பைப் பட்டறையில் மீண்டும் அதே அபாயம் எட்டிப் பார்த்தது. சிறந்த ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் விலை பேசி, அதற்குள் மாணவன் பாடத்தை மறந்துவிட்டால் தேர்வின் பயன் என்ன? டெண்டரில் ஒதுக்கப்பட்ட நிறுவனத்தின் திறனையும் நாம் இழத்தலாகாது. அணுசக்தியால் இயங்கும் அரிஹந்த் நீர்மூழ்கியின் எஃகு ஓட்டை ஹஜிராவில் உருவாக்கிய கைகள் அவை.

அம்பர்நாத்தில் ஒரு விளக்கு

மகிழ்ச்சிக்குரிய செய்தியும் இல்லாமல் இல்லை. மும்பைக்கு அருகே அம்பர்நாத்தில் உள்ள கடற்படைப் பொருள் ஆராய்ச்சிக்கூடம், நம் நாட்டிற்கே உரிய எரிபொருள் மின்கல உந்துமுறை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. பாஸ்பாரிக் அமிலத்தைக் கொண்டு இயங்குவது அது. தேவையான ஹைட்ரஜனைக் கப்பலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். 2021-ம் ஆண்டு மார்ச்சு 8-ம் தேதி அதன் தரைமாதிரி வெற்றியுடன் சோதிக்கப்பட்டது. 2024-ம் ஆண்டு டிசம்பரில், கல்வாரி வகைக் கப்பலில் இதனைப் பொருத்துவதற்கான பகுதியைக் கட்டி இணைக்க மஜகான் தளத்துடன் சுமார் 1,990 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. நம் விஞ்ஞானிகள் உருவாக்கிய டார்பிடோவை அதே வகைக் கப்பலில் இணைக்கவும், பிரெஞ்சு நிறுவனத்துடன் அப்போதே ஒப்பந்தம் ஏற்பட்டது. கட்டி முடித்த கப்பலை அறுத்து, நடுவே ஒரு துண்டைப் புகுத்தி, மீண்டும் பிறழாத வட்டமாக இணைப்பது எளிய காரியமன்று. ஆறு கப்பல்களில் பழகிய கை இருப்பதாலேயே இதனை எண்ணிப் பார்க்க முடிகிறது.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

இதனை மாணவருக்கு விளக்க விரும்பும் ஆசிரியர், ஒரு மெல்லிய தகர டின்னில் சிறிது நீர் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்துச் சூடேற்றி, நீராவி நன்கு வெளிவந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, மூடியை இறுக மூடிக் குளிர்ந்த நீரை மேலே ஊற்றலாம். டின் நொறுங்கிச் சுருங்கும். சூடான பொருளாகையால் இதை ஆசிரியரே கையுறை அணிந்து செய்வது நலம். அவ்வாறு நொறுக்கியது ஒரே ஒரு காற்று மண்டலத்தின் அழுத்தம். முப்பது மடங்கு அழுத்தத்தின் கீழ் மனிதர் உண்டு உறங்கிப் பணிபுரியும் ஓட்டினைக் கட்டுவோர், எங்கோ பிறந்த அபூர்வ மனிதர் அல்லர் என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் பயிலும் இளைஞரும், மாட்டுங்காவின் பழைய தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் பயிலும் மாணவியும் நாளை அவ்வேலையில் கை வைக்கலாம்.

கப்பலை விலைக்கு வாங்கலாம். வரைபடத்தையும் விலைக்கு வாங்கலாம். கைத்திறன் மட்டும் கற்றுப் பெறுவது, செய்து காப்பது. துணைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நாட்டின் கண்கள் டில்லியை நோக்கியிருக்கும். அத்தேர்வு பயன் தந்ததா என்பதை அறிய, பத்து ஆண்டுகள் கழித்து ஹார்பர் ரயிலில் ஏறி, டாக்யார்டு ரோடு நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கே பற்றவைப்பின் நீல ஒளி அப்போதும் விட்டுவிட்டு மின்னுமாயின், நாம் நல்ல துணைவரைத் தேர்ந்தோம் என்று கொள்ளலாம்.